ஒன்றும் செய்யாத வளையம்

லூப்பஸ் நோய் வந்தவரின் உடல் தன் செல்களையே பகையாக எண்ணத் தொடங்கிவிடும். கிருமிகளை எதிர்க்கப் பிறக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் சொந்தச் செல்லின் உட்கருவுக்கு எதிராகவே பிறக்கும். யாருடைய இரத்தம் உட்கருவில் எந்தப் பொருளைத் தாக்குகிறது என்று இனம் பிரித்துப் பார்ப்பது 1970களில் நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வாளர்கள் பலருக்கும் அன்றாட வேலை. 1978இல் மியாச்சி, ஃபிரிட்ஸ்லர், டான் ஆகிய மூவர் வெளியிட்ட கட்டுரையில் ஒரு விசித்திரம் இருந்தது. சில லூப்பஸ் நோயாளிகளின் சீரம், அமைதியாக இருந்த செல்களை விட்டுவிட்டுப் பெருகிக்கொண்டிருந்த செல்களின் உட்கருவில் மட்டும் போய் ஒட்டியது. அது எதைப் பிடிக்கிறது, அந்தப் பொருள் உட்கருவில் என்ன செய்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. பெருகும் செல்லின் உட்கருவில் எதிர்ப்பொருளைத் தூண்டும் ஏதோ ஒன்று என்ற அளவில் நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்றை வைத்தார்கள். அதன் முதலெழுத்துகள்தான் பி.சி.என்.ஏ.

ஏறக்குறைய அதே காலத்தில் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ரோட்ரிகோ பிராவோவும் ஹூலியோ செலிஸும் வேறொரு வழியில் அதே பொருளை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். செல்லின் புரதங்கள் அனைத்தையும் ஒரு ஜெல் பலகையில் இரு திசைகளில் பரப்பிப் புள்ளிகளாகப் பிரிப்பது அவர்களுடைய முறை. செல் பிரிவதற்கு முன் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் கட்டத்தில் ஒரு புள்ளி மட்டும் தடித்தது. பிற கட்டங்களில் மங்கியது. செல் சுழற்சியோடு ஏறி இறங்குவதால் அதற்கு சைக்ளின் என்று பெயரிட்டார்கள். 1983இல் டிம் ஹன்ட் கடல் முள்ளெலியின் முட்டைகளில் கண்டறிந்து அறிவித்த, பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த சைக்ளின் முற்றிலும் வேறு. அந்தச் சில ஆண்டுகளின் ஆய்விதழ்களைப் புரட்டுகிறவர் எந்த சைக்ளின் என்று ஒவ்வொரு முறையும் நின்று பார்க்கத்தான் வேண்டும்.

மூன்றாவது வழி மயாமியில் திறந்தது. டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதிகளில் ஒன்றான பாலிமரேஸ் டெல்டாவைக் கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த செங்-கீட் டான், கேத்லீன் டௌனி, அன்டெரோ ஸோ ஆகியோர், அது தனியாக விடப்பட்டால் சில எழுத்துகளைச் சேர்த்ததுமே இழையை விட்டுக் கழன்றுவிடுவதைப் பார்த்தார்கள். கூடவே கிடைத்த ஒரு சிறு புரதத்தைச் சேர்த்தால் அது நெடுந்தூரம் ஓடியது. அதற்குத் துணைப் புரதம் என்று பெயர். 1984இல் மைக்கேல் மேத்யூஸும் உடன் ஆய்வாளர்களும் லூப்பஸ் நோயாளிகளின் பொருளும் பிராவோவின் சைக்ளினும் ஒன்றே என்று காட்டினார்கள். 1987இல் ‘நேச்சர்’ இதழில் வந்த இரு கட்டுரைகள், மயாமியின் துணைப் புரதமும் அதுவே என்று முடித்துவைத்தன. அவற்றில் ஒன்று பிராவோவுடையது. மற்றொன்று கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் புரூஸ் ஸ்டில்மன் குழுவும் மயாமி குழுவும் சேர்ந்து எழுதியது.

நோயாளியின் இரத்தம், ஜெல் பலகை, கன்றின் சுரப்பி என மூன்று வழியாகத் தேடியும் ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. அதற்கு ஒரு காரணம் உண்டு. உயிர்வேதியியலாளர்கள் புரதங்களை அவை செய்யும் வேலையைக் கொண்டுதான் பிடிப்பார்கள். வெட்டுகிறதா, ஒட்டுகிறதா, எழுத்தைச் சேர்க்கிறதா, ஆற்றலைச் செலவழிக்கிறதா என்று பார்ப்பார்கள். பி.சி.என்.ஏ. இவற்றில் எதையும் செய்வதில்லை. சோதனைக்குழாயில் தனியாக விட்டால் அதில் எந்த வினையும் நடக்காது. 261 அமினோ அமிலங்கள் கோர்த்த, உருவில் நடுத்தரத்துக்கும் சிறிய, தானாக எதையும் மாற்றாத ஒரு புரதம் அது. ஆனால் எலியின் கருவில் அதற்கான மரபணுவை நீக்கினால் அந்தக் கரு பிறப்புவரை போகாது.

ஒன்றும் செய்யாத பொருள் எப்படி இவ்வளவு இன்றியமையாததாகிறது என்ற கேள்விக்கு முதல் விடை பாக்டீரியாவிலிருந்து வந்தது. ஈ.கோலையில் இதே இடத்தில் பீட்டா என்ற புரதம் இருக்கிறது. மைக் ஓடானலும் உடன் ஆய்வாளர்களும் 1991இல் வெளியிட்ட சோதனை, என் கணிப்பில், இந்தத் துறையின் மிக அழகான சோதனைகளில் ஒன்று. பீட்டாவுக்குக் கதிரியக்க அடையாளமிட்டு வட்டமான டி.என்.ஏ. மூலக்கூறில் ஏற்றினார்கள். அது கழலாமல் நின்றது. பிறகு அந்த வட்டத்தை ஓரிடத்தில் மட்டும் நொதியால் வெட்டி நீள இழையாக்கினார்கள். உடனே பீட்டா கழன்றுபோயிற்று. டி.என்.ஏ.வின் எழுத்துகள் மாறவில்லை, கரைசல் மாறவில்லை, வெப்பநிலை மாறவில்லை. மாறியது ஒன்றே: இழைக்கு இப்போது முனை இருந்தது. அரைஞாண் கயிற்றில் கோர்த்த தாயத்து கயிற்றோடு ஒட்டியிருப்பதில்லை, எங்கு வேண்டுமானாலும் நகரும், ஆனால் கயிறு அறும்வரை விழாது. பீட்டாவும் அப்படித்தான் கோர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஓடானல் முடிவுக்கு வந்தார். வேதிப் பிணைப்பு எதுவும் அதைப் பிடித்து வைக்கவில்லை, வடிவம்தான் பிடித்து வைத்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

அடுத்த ஆண்டே அந்த வடிவத்தைப் பார்க்க முடிந்தது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜான் குரியன் குழு ஓடானலோடு சேர்ந்து பீட்டாவின் படிகத்தை எக்ஸ்-கதிரில் ஆராய்ந்து, நடுவில் துளை கொண்ட ஒரு வளையத்தை வெளிப்படுத்தியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கத் தொடங்கி இடையில் அமெரிக்கா சென்றவர் குரியன். 1994இல் அவருடைய குழு ஈஸ்ட்டின் பி.சி.என்.ஏ.வையும் 1996இல் மனிதனுடையதையும் படம்பிடித்தது.

பாக்டீரியாவின் வளையத்தையும் மனிதனுடையதையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு வியப்பு ஏற்படாமல் இருக்காது. பாக்டீரியாவின் வளையம் இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்தது, ஒவ்வொன்றிலும் மூன்று பகுதிகள். மனித வளையம் மூன்று மூலக்கூறுகள் சேர்ந்தது, ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள். எப்படிப் பெருக்கினாலும் ஆறு. அமினோ அமில வரிசையை ஒப்பிட்டால் இரண்டுக்கும் உறவு இருப்பதாகவே தெரியாது. வடிவத்தை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் ஏறக்குறையப் பொருந்திவிடும். வரிசை கரைந்துபோகும் அளவுக்குப் பழைய பிரிவுக்குப் பிறகும் பரிணாமம் அந்தத் துளையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. துளையின் அகலம் ஏறக்குறைய 3.5 நானோமீட்டர், டி.என்.ஏ. இரட்டைச் சுருளின் அகலம் 2 நானோமீட்டர். வளையத்தின் வெளிப்புறம் எதிர்மின் தன்மையும் உட்சுவர் நேர்மின் தன்மையும் கொண்டவை. டி.என்.ஏ.வின் முதுகெலும்பும் எதிர்மின் தன்மை உடையது என்பதால் உட்சுவர் அதை விலக்காது. இறுக்கிப் பிடிக்கவும் செய்யாது, இடையில் நீர் நிற்க இடம் இருக்கிறது. அந்த இடைவெளியால்தான் வளையம் வழுக்கிக்கொண்டு நகர முடிகிறது.

முனை தெரியாத நீண்ட இழையில் மூடிய வளையத்தை ஏற்றுவது யார்? அதற்கு ஆர்.எஃப்.சி. என்ற ஐந்து உறுப்புப் புரதத் தொகுதி தனியாக இருக்கிறது. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைப் பிடித்துக்கொண்டு அது வளையத்தின் ஒரு பொருத்தை விரிக்கும், இழையை உள்ளே விடும், ஏ.டி.பி.யைச் சிதைத்ததும் வளையத்தை மூடவிட்டு விலகும். வேலை முடிந்தபின் கழற்றுவதற்கு ஏ.டி.ஏ.டி.5 என்ற புரதத்தைக் கொண்ட மற்றொரு தொகுதி உண்டு. கழற்றுவதும் ஏற்றுவதைப் போலவே முக்கியம். கழற்றாமல் விட்ட வளையங்கள் டி.என்.ஏ.வில் தேங்கினால் மரபுத்தொகுதி நிலைகுலையத் தொடங்குகிறது.

வளையத்துக்கு இருக்கும் வேலையின் அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மனித செல்லின் இரு தொகுதி குரோமோசோம்களிலும் சேர்த்து 600 கோடிக்கு மேற்பட்ட எழுத்து இணைகள். இவற்றை ஏறக்குறைய 8 மணி நேரத்தில் ஒருமுறை நகலெடுத்தாக வேண்டும். இரட்டைச் சுருளின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதும், பாலிமரேஸ் ஒரே திசையில்தான் எழுதும் என்பதும் சிக்கலை உண்டாக்குகின்றன. ஓர் இழை தொடர்ச்சியாக எழுதப்படும். மற்றது பின்னோக்கித் துண்டு துண்டாக எழுதப்படும். இந்தத் துண்டுகளை 1960களில் நகோயாவில் கண்டறிந்தவர்கள் ஓகாஸாகி தம்பதியர். கணவர் ரெய்ஜி ஹிரோஷிமாவில் பிறந்தவர், 1975இல் 44 வயதில் லுகேமியாவால் இறந்தார். மனிதனில் ஒரு துண்டின் நீளம் 100 முதல் 200 எழுத்து வரைதான். ஆகவே ஒரு செல் ஒருமுறை பிரிய மூன்று முதல் ஆறு கோடித் துண்டுகள் வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வளையம் ஏற்றப்பட வேண்டும். அதைப் பிடித்தபடி பாலிமரேஸ் டெல்டா எழுதும். முந்தைய துண்டின் தொடக்கத்தை முட்டியதும் அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் பழைய முனையை ஃபென்-1 என்ற நொதி நறுக்கும். லிகேஸ்-1 இரண்டையும் ஒட்டும். எழுதுபவர், நறுக்குபவர், ஒட்டுபவர் ஆகிய மூவரும் நிற்பது அதே வளையத்தின் மேல்.

மூவரும் ஏறும் இடமும் ஒன்றுதான். வளையத்தின் மூன்று மூலக்கூறுகளிலும் தலா ஒரு குழிவு இருக்கிறது. வளையத்தோடு சேரும் புரதங்கள் பெரும்பாலானவற்றில் சுமார் எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு வால் அந்தக் குழிவுக்குள் பொருந்தும்படி மடிந்திருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்கள் இந்த வழியில் அல்லது இதற்கு நெருங்கிய வழியில் பி.சி.என்.ஏ.வோடு சேர்வதாகப் பதிவாகியிருக்கின்றன. குழிவுகளோ மூன்று. ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறுகிறாரா, மூன்று பேரும் ஒரே நேரத்தில் தொங்கிக்கொண்டு முறைவைத்து வேலை செய்கிறார்களா என்பது நெடுநாள் வாதம். சில ஆர்க்கியா நுண்ணுயிர்களில் வளையத்தின் மூன்று மூலக்கூறுகளும் வெவ்வேறானவை. அங்கே ஒவ்வொரு நொதிக்கும் தனித்தனி இருக்கை உண்டு. மனிதனில் மூன்றும் ஒன்றே என்பதால் அதை அப்படியே பொருத்திப் பார்க்க முடியவில்லை. 2020இல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படங்களில், பாலிமரேஸ் டெல்டா வளையத்தின் மேல் இருக்கும்போதே ஃபென்-1 அதன் பக்கத்தில் இடம்பிடித்து நிற்பது தெரிந்தது. ஒரே வளையத்தில் பல கருவிகள் தொங்கலாம் என்ற கட்சிக்கு அது வலுச் சேர்த்தது. ஆயினும் ஒரு படம் ஒரு கணத்தைத்தான் காட்டும். உயிருள்ள செல்லில் அது எத்தனை கணம் அப்படி இருக்கிறது என்பது வேறு கேள்வி.

இதுவரை சொன்னது நகலெடுக்கும் வேலை. பாடநூல்களில் நகலெடுப்பது ஒரு அத்தியாயமாகவும் பழுதுபார்ப்பது மற்றொரு அத்தியாயமாகவும் இருக்கும். பி.சி.என்.ஏ.வைப் படிக்கும்போது அந்தப் பிரிவு நிற்காது என்று தோன்றுகிறது. காரணம், பிழைகளில் ஒரு பெரும்பகுதி நகலெடுக்கும் இடத்திலேயே பிறந்து அங்கேயே திருத்தப்படுகிறது.

பாலிமரேஸ் எழுத்தைத் தவறாகச் சேர்ப்பது நடக்கும். பெரும்பாலும் தானே திரும்பிப் பார்த்து அழித்துவிடும். அதையும் மீறித் தப்பிய பிழைகளைத் தேடிப் பிடிக்க ஒரு திருத்தக் குழு பின்னால் வரும். ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஜி இருந்தால், எதிரே டி நிற்கிறது, இரண்டும் பொருந்தவில்லை என்பது எளிதில் தெரிந்துவிடும். ஆனால் எது பிழை? புதிதாக எழுதிய ஜி-யா, பழைய இழையில் இருந்த டி-யா? பழையதைத் திருத்தினால் பிழை நிலையாகிவிடும். ஈ.கோலை தன் பழைய இழையில் மெத்தில் முத்திரை குத்தி வைத்திருக்கிறது. புதிய இழைக்கு அந்த முத்திரை சிறிது நேரம் கழித்துத்தான் வரும் என்பதால் இரண்டையும் பிரித்தறிய முடிகிறது. நம்மிடம் அந்த ஏற்பாடு இல்லை. மனிதன் எப்படிக் கண்டுபிடிக்கிறான் என்ற கேள்வி பல ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தது.

விடையின் ஒரு பகுதி வளையத்தில் இருக்கிறது. பி.சி.என்.ஏ.வின் இரு முகங்களும் ஒன்றல்ல. குழிவுகள் எல்லாம் ஒரே முகத்தில் இருக்கின்றன. ஆர்.எஃப்.சி. வளையத்தை ஏற்றும்போது அந்த முகம் எப்போதும் எழுத்து சேரும் திசையைப் பார்த்தபடியே அமைகிறது. ஆகவே வளையம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்தால் எது புதிய இழை என்று தெரிந்துவிடும். திருத்தக் குழுவில் இழையை வெட்டும் மட்-எல்-ஆல்ஃபா என்ற நொதி, பி.சி.என்.ஏ. இருந்தால்தான் வெட்டத் தொடங்குகிறது. அது எந்த இழையை வெட்ட வேண்டும் என்பதையும் வளையத்தின் திசையே முடிவுசெய்கிறது. இதை 2010இல் காட்டியது பால் மாட்ரிச்சின் குழு. டி.என்.ஏ. பழுதுபார்ப்புக்காக 2015இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். இந்தத் திருத்தக் குழுவின் மரபணுக்கள் பழுதானால் வருவதுதான் பரம்பரையாகத் தொடரும் ஒரு வகைப் பெருங்குடல் புற்றுநோய்.

இன்னும் பலர் இந்த வளையத்தைத் தேடி வருகிறார்கள், அவர்களைப் பற்றி விரிக்க இங்கே இடமில்லை. புதிய டி.என்.ஏ.வை ஹிஸ்டோன் புரதங்களில் சுற்றிவைக்கும் காஃப்-1, பழைய இழையின் மெத்தில் முத்திரைகளைப் புதியதில் பதிக்கும் நொதி, இரண்டும் வளையத்தைப் பிடித்துக்கொண்டே வேலை செய்கின்றன. நகலெடுப்பைத் தொடங்க உரிமம் கொடுக்கும் சி.டி.டி.1 என்ற புரதம், வளையத்தில் சிக்கியதுமே அழிக்கப்படுகிறது. அதனால் ஒரு சுழற்சியில் ஒரு பகுதி இரண்டு முறை நகலெடுக்கப்படுவது தடுக்கப்படுகிறது. டி.என்.ஏ. சிதைந்தால் பி53 தூண்டிவிடும் பி21 என்ற தடைப் புரதத்தின் வால், அந்தக் குழிவுக்குள் மற்றவர்களைவிட இறுக்கமாகப் பொருந்தி வழியை அடைத்துவிடுகிறது. 1996இல் குரியன் குழு மனித வளையத்தைப் படம்பிடித்தபோது அதன் குழிவுகளில் இருந்தது பி21இன் வால்தான்.

இவ்வளவு பேர் வந்துபோகும் இடத்தில், யார் எப்போது ஏறுவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? இந்தப் புரதத்தின் கதையில் எனக்கு மிக ஆழமானதாகத் தோன்றும் பகுதி இங்கேதான் இருக்கிறது.

ஸீரோடெர்மா பிக்மென்டோஸம் என்ற பரம்பரை நோயுள்ளவர்களின் தோல் வெயிலைத் தாங்காது, சிறுவயதிலேயே தோல் புற்றுநோய் வரும். புற ஊதாக் கதிர் அடுத்தடுத்து நிற்கும் இரு தைமின் எழுத்துகளை ஒட்டவைத்துவிடுகிறது. நலமான செல் அந்தப் பகுதியை வெட்டியெறிந்து நிரப்பிவிடும். இந்த நோயாளிகள் பெரும்பாலானவரின் செல்லில் அது நடப்பதில்லை. ஆனால் சிலரின் செல்கள் வெட்டி நிரப்புவதைக் குறையில்லாமல் செய்தன, அப்படியும் நோய் இருந்தது. 1975இல் இங்கிலாந்தின் ஆலன் லேமனும் மற்றவர்களும் அவர்களிடம் குறை எங்கே என்று காட்டினார்கள். கதிர் பட்டபின் டி.என்.ஏ.வை நகலெடுப்பதில்தான் அவர்கள் தடுமாறினார்கள். குறைப்பட்ட மரபணு எது என்று தெரிய 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானில் ஃபுமியோ ஹனாவோகா குழுவும், டெக்ஸாஸில் சத்ய பிரகாஷ், லூயிஸ் பிரகாஷ் குழுவும் அதே ஆண்டில் அதைக் கண்டறிந்தன. அந்த மரபணு தருவது பாலிமரேஸ் ஈட்டா என்ற நொதி.

பாலிமரேஸ் டெல்டா கண்டிப்பானது. பிழை ஏறக்குறைய பத்து லட்சம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் செய்யும். ஆனால் ஒட்டிப்போன தைமின் இணை எதிர்ப்பட்டால் எதை எழுதுவது என்று தெரியாமல் நின்றுவிடும். ஈட்டாவின் உள்ளறை அகலமானது. ஒட்டிய இரண்டையும் சேர்த்தே உள்ளே விட்டு, எதிரில் இரண்டு ஏ எழுத்துகளை வைத்துத் தாண்டிவிடும். பெரும்பாலும் அது சரியான விடைதான். ஆனால் பழுதில்லாத இழையில் விட்டால் நூற்றுக்கணக்கான எழுத்துகளுக்குள் ஒரு பிழை செய்துவிடும். அப்படிப்பட்ட எழுத்தரைத் தேவையான இடத்தில் மட்டும் அழைத்து, வேலை முடிந்ததும் விலக்கியாக வேண்டும்.

அழைப்பு எங்கிருந்து வருகிறது என்பதை 2002இல் ஜெர்மனியின் மார்ட்டின்ஸ்ரீட்டில் ஸ்டீஃபன் யென்ட்ஷ் குழு ஈஸ்ட்டில் கண்டறிந்தது. பி.சி.என்.ஏ.வின் 164ஆவது இடத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தில் மூன்று வகை முத்திரைகள் ஏறலாம். யுபிகுவிட்டின் என்ற சிறு புரதம் ஒன்று மட்டும் ஏறினால் ஒரு செய்தி, பல யுபிகுவிட்டின்கள் சங்கிலியாக ஏறினால் வேறு செய்தி, அதே இடத்தில் சுமோ என்ற உறவுப் புரதம் ஏறினால் மூன்றாவது செய்தி. நகலெடுக்கும் இயந்திரம் பழுதில் முட்டி நின்று, ஒற்றை இழை நீளமாக வெளிப்படும்போது ராட்-18 என்ற நொதி வந்து ஒற்றை யுபிகுவிட்டினை ஒட்டவைக்கும். ஈட்டாவுக்கு வளையத்தின் குழிவில் பொருந்தும் வாலும் உண்டு, யுபிகுவிட்டினைப் பிடிக்கும் பகுதியும் உண்டு. முத்திரையுள்ள வளையத்தை அது இரண்டு கையாலும் பிடிக்கிறது, முத்திரையில்லாததை ஒரு கையால் மட்டும். 2004இல் லேமன் குழு மனித செல்லிலும் இது நடப்பதைக் காட்டியபோது, 1975இல் அவர் தொடங்கிவைத்த கேள்வி ஏறக்குறைய முழு வட்டமாயிற்று. யுபிகுவிட்டின் சங்கிலி ஏறினால் செல் வேறு வழி பார்க்கும். பழுதான இழையை விட்டுவிட்டு, புதிதாக எழுதப்பட்ட உடன்பிறப்பு இழையிலிருந்து படித்துக்கொண்டு தாண்டும். பிழை வராது, ஆனால் சிக்கலான வழி. சுமோ ஏறினால் தேவையில்லாத இழைப் பரிமாற்றங்கள் தடுக்கப்படும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் பழுது நீங்கவே இல்லை. ஒட்டிய தைமின் இணை அங்கேயே இருக்கிறது. செல் அதைக் கடந்து போகிறது, அவ்வளவுதான். பழுதைக் கண்டதும் நின்று சரிசெய்வதுதான் உயிரின் இயல்பு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 8 மணி நேரத்தில் 600 கோடி எழுத்தை முடிக்க வேண்டிய செல்லுக்கு, நின்றுபோன நகலெடுப்பு ஒரு பிழையைவிட ஆபத்தானது. நின்ற இடத்தில் இழை உடையும், உடைந்த குரோமோசோமோடு செல் பிரிய முயன்றால் இழப்பு ஒரு எழுத்தோடு நிற்காது. ஆகவே முடிப்பதா, பிழையில்லாமல் செய்வதா என்ற பேரம் ஒவ்வொரு முட்டுச்சந்திலும் நடக்கிறது. அந்தப் பேரத்தின் முடிவு வளையத்தின் ஒரு லைசினில் எழுதப்படுகிறது. பிழையைக் கொஞ்சமும் பொறுக்காத ஒரு நகலெடுப்பு இயந்திரம் கருவில்தானே நின்றுபோயிருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

செல் இந்தப் பிழைப் பொறுமையை வேண்டுமென்றே பயன்படுத்தும் இடமும் உண்டு. எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் பி செல்கள், கிருமிக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும் எதிர்ப்பொருளைத் தேடித் தங்கள் எதிர்ப்பொருள் மரபணுவில் திட்டமிட்டே திடீர்மாற்றங்களை உண்டாக்கிக்கொள்கின்றன. பி.சி.என்.ஏ.வின் 164ஆவது இடத்து லைசினை மாற்றிவிட்ட எலிகளில் அந்தத் திடீர்மாற்றங்களில் ஒரு வகை, குறிப்பாக ஏ-டி இணைகளில் வருபவை, பெரிதும் குறைந்துவிடுகின்றன. எதிர்ப்பொருள்கள் வழியாகத்தான் இந்தப் புரதம் முதலில் கண்ணில் பட்டது. எதிர்ப்பொருள்கள் கூர்மையாவதில் அதற்கே பங்கு உண்டு என்பது முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர்தான் தெரிந்தது.

இவ்வளவு முக்கியமான மரபணுவில் குறையோடு மனிதர் யாரும் பிறந்திருக்க முடியாது என்றே பலர் எண்ணியிருந்தார்கள். 2014இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து ஆமிஷ் சமூகத்தில், உறவினருக்குள் மணவுறவு கொண்ட குடும்பங்களில் சிலருக்கு வந்த நோயின் காரணம் பி.சி.என்.ஏ.தான் என்று தெரியவந்தது. குள்ளமான உடல், செவித்திறன் குறைபாடு, இளவயதிலேயே முதுமை, வெயில் தாங்காத தோல், தோலில் விரிந்த நுண்குழாய்கள், மெல்லத் தேயும் நரம்பு மண்டலம் ஆகியவை அதன் அறிகுறிகள். 228ஆவது இடத்தில் செரினுக்குப் பதில் ஐசோலியூசின் இருந்தது, மரபணுவின் இரு பிரதிகளிலும். அந்த மாற்றம் வளையத்தைக் குலைக்கவில்லை, குழிவின் வடிவத்தை மட்டும் திருகியது. சில நொதிகள் அதிலும் ஏறிக்கொள்கின்றன, சிலவற்றால் முடிவதில்லை. வியப்பான செய்தி என்னவென்றால் அவர்களுடைய செல்கள் பிரிவதில் பெரிய குறை தென்படவில்லை. புற ஊதாக் கதிரால் வந்த பழுதைச் சரிசெய்வதில்தான் தடுமாறின. நகலெடுக்கும் வேலைக்குப் போதுமான வளையம், பழுதுபார்க்கும் வேலைக்குப் போதவில்லை. இரு அத்தியாயங்களும் ஒரே குழிவில் சந்திக்கின்றன, ஆனால் அந்தக் குழிவு இரண்டையும் ஒரே அளவில் தாங்கவில்லை.

இந்தக் குழிவை அடைத்துப் புற்றுநோய்ச் செல்லைக் கொல்லலாமே என்ற எண்ணம் பழையது. இயற்கையே பி21 வழியாக அதைத்தான் செய்கிறது. ஆனால் மருந்துத் துறைக்கு இது விருப்பமான இலக்காக இருந்ததில்லை. நொதிக்கு ஒரு வினைமையம் இருக்கும், அதை அடைக்கும் மூலக்கூறைத் தேடுவதில் துறைக்கு நீண்ட பழக்கம் உண்டு. வினையே இல்லாத வளையத்தில் அடைப்பதற்கு ஆழமற்ற ஒரு குழிவுதான் இருக்கிறது. அதுவும் நலமான செல்களிலும் அப்படியே இருக்கிறது. 2023இல் கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மையத்தில் லிண்டா மால்காஸ் குழு, ஏ.ஓ.எச்.1996 என்ற மூலக்கூறு பற்றிய ஆய்வை வெளியிட்டபோது, புற்றுநோயை ஒழிக்கும் மாத்திரை வந்துவிட்டதாகவே உலகெங்கும் தலைப்புகள் வந்தன. ஆய்வுக் கட்டுரை சொன்னது அதைவிட அடக்கமானது, எனக்கு அதைவிடச் சுவையானதும்கூட. அந்த மூலக்கூறு, வளையத்துக்கும் மரபணுவைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸுக்கும் இடையிலுள்ள பிடிப்பை இறுக்கிவிடுகிறது. ஒரே இழையில் படியெடுக்கும் இயந்திரமும் நகலெடுக்கும் இயந்திரமும் மோதிக்கொள்கின்றன, இழை உடைகிறது. ஏற்கெனவே அவசரமாகப் பிரியும் புற்றுநோய்ச் செல்லில் அந்த மோதல்கள் அதிகம் என்பதால் அது முதலில் சாகும் என்பது எதிர்பார்ப்பு. செல் வளர்ப்பிலும் விலங்குகளிலும் அது நிறைவேறியது. மனிதரில் தொடங்கியது முதற்கட்டச் சோதனை. மருந்து குணமாக்குகிறதா என்பதற்கு முன், எந்த அளவுவரை உடல் தாங்கும் என்று பார்ப்பதே அந்தக் கட்டத்தின் முதன்மை வேலை.

உடல் தாங்குவதில் எதிர்பாராத ஒரு கணக்கும் இருக்கலாம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு முதிர்ந்தபின் பிரிவதே இல்லை. அதற்கு நகலெடுக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் அதில் பி.சி.என்.ஏ. நிறைய இருக்கிறது, உட்கருவில் இல்லாமல் அதற்கு வெளியே. 2010இல் பாரிஸில் வெரோனிக் விட்கோ-சர்சா குழு இதன் காரணத்தைக் கண்டறிந்தது. செல்லைத் தற்கொலைக்குத் தள்ளும் நொதிகளின் உறங்கும் வடிவங்களை பி.சி.என்.ஏ. அங்கே பிடித்துவைத்திருக்கிறது, அவை விழித்தால் நியூட்ரோஃபில் இறந்துவிடும். பி21இன் வாலைப் போன்ற ஒரு பெப்டைடை உள்ளே செலுத்தியபோது அந்தப் பிடி விட்டது, அணுக்கள் இறந்தன. மூட்டழற்சி போன்ற நோய்களில் சாகாமல் தங்கிவிடும் நியூட்ரோஃபில்களை ஒழிக்க இதே வழியைப் பயன்படுத்தலாம் என்று அந்தக் குழு கருதுகிறது. புற்றுநோய் மருத்துவருக்கோ இது எச்சரிக்கை. கீமோதெரபி எடுப்பவரின் இரத்தத்தில் அவர் ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பார்ப்பது நியூட்ரோஃபில் எண்ணிக்கையைத்தான். குழிவை அடைக்கும் எந்த மருந்தும் அந்த எண்ணிக்கையை எவ்வளவு இறக்குகிறது என்பதற்கும் கணக்குக் காட்டியாக வேண்டும்.